மரச்சாமானுக்கு மரம் தேர்ந்தெடுப்பது எப்படி: அலமாரி முதல் மேசை வரை முழுமையான வழிகாட்டி

"எந்த மரம் நல்லது?" என்று கேட்டுக்கொண்டு மரவாடிக்குள் போனால் விற்பவருக்கு எது லாபமோ அதுதான் பதிலாக வரும். கேள்வியே தலைகீழ். இந்தப் பாகம் என்ன வேலை செய்யப்போகிறது, எந்தக் காற்றில் நிற்கப்போகிறது, பலகை எப்படி அறுக்கப்பட்டிருக்கிறது, அதற்குள் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்ற நான்கையும் முடிவு செய்த பிறகே மரத்தின் பெயர் வர வேண்டும். சரியாக உலர்ந்த, நேரான நாரோட்டம் கொண்ட ரப்பர் மரப் பலகை, பச்சையாக அறுத்து வந்த தேக்கை விட நல்ல அலமாரியைத் தரும்.

பெயரை நம்பக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'பிலிப்பைன் மஹோகனி' என்று விற்கப்படுவது மஹோகனி இனமே அல்ல, மெராந்தி வகை. 'பிரேசிலியன் செர்ரி' என்பது ஜடோபா. 'ஆப்பிரிக்கத் தேக்கு' என்ற பெயரில் ஐரோக்கோ வருகிறது. இவை மோசமான மரங்கள் என்பதில்லை. ஆனால் சுருக்கமும் கடினமும் பசை பிடிக்கும் விதமும் வேறு என்பதால், தேக்குக்குப் போட்ட கணக்கு ஐரோக்கோவுக்கு நிற்காது.

படி 1: பாகப் பட்டியல் போடுங்கள்

செய்யப்போகும் சாமானை வரைந்து, ஒவ்வொரு பாகத்துக்கும் நீளம், அகலம், தடிமன், எண்ணிக்கை எழுதுங்கள். பக்கத்தில் ஒரே சொல்லில் அதன் வேலையையும் எழுதுங்கள்: தாங்குவது, தெரிவது, உரசுவது, நனைவது, மறைவது.

ஒரே மரத்தில் முழுச் சாமானும் செய்வதுதான் தரம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பழைய காலத்துத் தேர்ந்த வேலைகளிலேயே முகப்புக்கு ஒரு மரம், இழுப்பறையின் உட்பக்கத்துக்கு இன்னொன்று என்றுதான் இருக்கும். இழுப்பறைப் பக்கப் பலகைக்கு வேண்டியது அழகு அல்ல. ஈரக் காற்றில் உப்பிச் சிக்கிக்கொள்ளாத நிதானமும், உரசித் தேயாத முகமும்தான். 12 மி.மீ. தடிமன் போதும். விலையுயர்ந்த மரத்தை அங்கே செலவிடுவது வீண்.

நாற்காலிக் கால், கட்டில் சட்டம் போன்ற தாங்கும் பாகங்களுக்கு நாரோட்டம்தான் முதல் தகுதி. பலகையின் விளிம்பில் நார் 300 மி.மீ. நீளத்துக்கு 25 மி.மீ.க்கு மேல் சாய்ந்து ஓடினால் அதை நாற்காலிக் காலுக்கு எடுக்காதீர்கள். நார் எங்கே வெளியே வந்து முடிகிறதோ அங்கேதான் கால் பிளக்கும்.

படி 2: சாமான் நிற்கப்போகும் காற்றைக் கணக்கிடுங்கள்

மரம் வெட்டிய பிறகும் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30% இருந்தால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 6 சதவீதத்தில் நிலைக்கும். 50% என்றால் 9, 65% என்றால் 12, 80% என்றால் 16. பாலீஷ் இந்த ஓட்டத்தைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

ஆகவே அந்த அறையில் ஆண்டு முழுக்கக் காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண ஈரப்பதமானி ஒன்று போதும். ஏசி அல்லது ஹீட்டர் ஓடும் வறண்ட அறைக்கு 6 முதல் 8 சதவீத ஈரம் உள்ள மரம் பொருந்தும். காற்றோட்டமுள்ள, ஈரமான இடத்துக்கு 10 முதல் 12. குறைவாக உலர்ந்ததை வறண்ட அறையில் வைத்தால் இணைப்புகள் வாய் பிளக்கும். மிகையாக உலர்ந்ததை ஈர அறையில் வைத்தால் கதவு சட்டத்தோடு மாட்டிக்கொள்ளும். இரண்டுமே மரத்தின் குற்றமல்ல.

படி 3: மரம் எவ்வளவு அசையும் என்று மில்லிமீட்டரில் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு தேக்கைத் திட்டுகிறார்கள்.

நீளவாட்டில் மரம் சுருங்குவது மிகமிகக் குறைவு, பச்சை நிலையிலிருந்து முழுக்க உலர்வது வரை 0.1 முதல் 0.2 சதவீதம். அகலத்தில்தான் ஆட்டம். அங்கேயும் இரண்டு திசை உண்டு. ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுருக்கம் அதிகம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் பெரும்பாலும் அதில் பாதி. சிவப்பு ஓக்கில் இவை 8.6 சதவீதமும் 4.0 சதவீதமும். அமெரிக்க பீச்சில் 11.9, 5.5. கடின மேப்பிளில் 9.9, 4.8. செர்ரியில் 7.1, 3.7. வால்நட்டில் 7.8, 5.5. தேக்கில் 5.8, 2.5. மஹோகனியில் 4.1, 3.0. தேக்குக்கும் மஹோகனிக்கும் இருக்கும் மரியாதையின் பாதி இந்த எண்களில்தான் இருக்கிறது.

மரம் சுருங்கத் தொடங்குவது ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போது. அதனால் மேலே உள்ள எண்ணை 30 ஆல் வகுத்தால், ஈரம் 1 சதவீதம் மாறும்போது பலகை எவ்வளவு அசையும் என்று கிடைத்துவிடும். 300 மி.மீ. அகலமுள்ள சிவப்பு ஓக் பலகை 8 சதவீதத்திலிருந்து 12க்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.6 ÷ 30 = 0.287. அதை 4 ஆல் பெருக்கி, 300 மி.மீ.க்கு எடுத்தால் சுமார் 3.5 மி.மீ. அதே அகலத் தேக்கு 2.3 மி.மீ. அசையும். ஆரத் திசை அகலமாக வரும்படி அறுத்த தேக்கு 1 மி.மீ. மட்டுமே. 900 மி.மீ. அகல மேசைத் தளத்துக்கு இதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள். ஓக் தளம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். அதைக் கீழ்ச் சட்டத்தோடு திருகாணி போட்டு இறுக்கினால் தளம் வெடித்தே தீரும். நீள்துளை போட்ட பட்டையிலோ, காடியில் (மரத்தில் வெட்டிய நீளப் பள்ளத்தில்) நகரும் மரக்கொக்கியிலோதான் தளத்தைப் பிடிக்க வேண்டும்.

சட்டமிட்ட கதவுக்கும் இதே கணக்குதான். காடியின் ஆழம் 10 மி.மீ. என்றால் உள்பலகை இரு பக்கமும் 7 மி.மீ. வரை மட்டுமே நுழையட்டும், மீதி 3 மி.மீ. அது மூச்சுவிடும் இடம். உள்பலகைக்குப் பசை போடக் கூடாது. நகரும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க, பூட்டும் முன்பே அதற்கு பாலீஷ் அடித்துவிடுங்கள்.

படி 4: அறுப்பைப் பாருங்கள்

பலகையின் குறுக்குமுனையைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் கோடுகளாகத் தெரியும். அவை பலகையின் முகத்துக்கு ஏறக்குறைய இணையாகப் படுத்திருந்தால் தட்டை அறுப்பு. மலை போன்ற வளைவு ரேகை முகத்தில் வரும், கண்ணுக்கு அழகு. ஆனால் அகலத்தில் அதிகம் அசையும், கிண்ணம்போல் குழியும். வளையங்கள் முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் குவார்ட்டர் அறுப்பு. ரேகை நேர்கோடாக இருக்கும், அசைவு ஏறக்குறைய பாதி. அறுக்கும்போது சேதாரம் அதிகம் என்பதால் விலையும் அதிகம். இரண்டுக்கும் நடுவே வளையம் 45 பாகை சாய்ந்து நின்றால் நான்கு முகத்திலும் ஒரேபோன்ற நேர் ரேகை வரும். மேசைக் காலுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

பங்கீடு இப்படி: கதவின் நிலைச்சட்டம், குறுக்குச்சட்டம், இழுப்பறைப் பக்கம் ஆகியவற்றுக்கு குவார்ட்டர் அல்லது நேர் ரேகை. கதவின் உள்பலகைக்கும் இழுப்பறை முகப்புக்கும் தட்டை அறுப்பு. நெளிந்து ஓடும் ரேகையைக் கதவுச் சட்டத்தில் போட்டால் கதவு முறுக்கிக்கொண்டு ஒரு மூலை எழும்பி நிற்கும். கீல் மாற்றினாலும் தீராது. மரத்தின் நடு மையம், அதாவது குருத்து ஓடும் பலகையை எதற்கும் எடுக்காதீர்கள். அது வெடிக்காமல் இருந்தால் அதிசயம்.

படி 5: இப்போது மர வகை

கடினத்தை ஜான்கா எண்ணால் அளக்கிறார்கள். 11.28 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் குண்டைப் பாதி வரை மரத்தில் அழுத்தத் தேவைப்படும் விசை அது. பவுண்டு அளவில் வெள்ளை பைன் 380, செர்ரி 950, தேக்கு ஏறக்குறைய 1000, வால்நட் 1010, சிவப்பு ஓக் 1290, கடின மேப்பிள் 1450. சாப்பாட்டு மேசை, குழந்தைகள் எழுதும் மேசை ஆகியவற்றின் தளத்துக்கு இந்த எண் முக்கியம். சுவரலமாரிக் கதவுக்கு அவ்வளவாக இல்லை. கடினமான மரம்தான் நீடித்து உழைக்கும் என்பதும் தவறு. பீச் நல்ல கடினம், ஆனால் ஈரத்தில் வைத்தால் சீக்கிரம் மக்கும்.

தேக்கு: அசைவு குறைவு, வைரப்பகுதி (நடுவிலுள்ள முதிர்ந்த மரம்) கரையானையும் ஈரத்தையும் தாங்கும். குறை என்னவென்றால் அதில் இருக்கும் எண்ணெய் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் முகத்தை அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, அது காய்ந்த உடனே ஒட்டிவிடுங்கள். மறுநாள் ஒட்டலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். மரத்தில் மணல்சத்தும் இருப்பதால் உளியும் ரம்பமும் வேகமாக மழுங்கும். இளம் மரத்தில் வெள்ளைப்பகுதி, அதாவது பட்டையை ஒட்டிய வெளிர் மரம், அதிகம். அந்த வெள்ளைக்குத் தேக்கின் எந்தக் குணமும் கிடையாது, கரையான் அதை விட்டுவைக்காது.

ஓக்: உறுதி, எடுப்பான ரேகை. அதிலுள்ள துவர்ப்புச்சத்து இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்தால் கருநீலக் கறை வரும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போடுங்கள். பித்தளை மென்மையானது. முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை முறுக்கித் தடம் போட்டுக் கழற்றிவிட்டுப் பித்தளையைச் செலுத்தினால் தலை முறியாது. ஓக் வெளிவிடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும் என்பதால் ஈயப் பொருள்களைப் பார்வைக்கு வைக்கும் கண்ணாடி அலமாரிக்கு அது ஆகாது.

மேப்பிள், செர்ரி, பைன் மூன்றும் சாயம் ஏற்றும்போது திட்டுத் திட்டாக இழுக்கும். கருமை வேண்டுமென்றால் கருமையான மரத்தையே வாங்குவது நல்லது. செர்ரி வெளிச்சம் பட்டுப் பட்டுச் சிவந்து கருக்கும். வால்நட் நேர்மாறாக வெளுக்கும். மேலே ஒரு பூச்சாடியை வைத்து மறந்துவிட்டால் அதன் நிழல் மரத்தில் பதிந்துவிடும்.

பைன் மலிவு, இழைக்க எளிது. கணுக்களிலிருந்து பிசின் கசிந்து வண்ணப்பூச்சுக்கு மேலே மஞ்சள் வட்டம் போடும். முதலில் கணுவின்மேல் அரக்குக் கரைசல் (ஷெல்லாக்) இரண்டு கோட் அடியுங்கள்.

ரப்பர் மரம் நிறத்திலும் இழைப்பிலும் நல்லது. மாவுச்சத்து மிகுதியால் பொடிவண்டு விரும்பி வரும். போரான் உப்பு ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

மஹோகனி, சப்பேலி போன்றவற்றில் நார் ஓர் அடுக்கில் இப்புறமும் அடுத்த அடுக்கில் அப்புறமும் சாய்ந்து பின்னியிருக்கும். வெளிச்சத்தில் பட்டுநாடா போல மின்னுவதும் அதனால்தான், இழைப்புளி பிய்த்துக்கொண்டு போவதும் அதனால்தான். மெல்லிய சீவல், கூரான அலகு, கடைசியில் சுரண்டி எடுக்கும் தகடு: இவைதான் வழி.

ஈட்டி மரம் (ரோஸ்வுட்) வாங்குவதாக இருந்தால் ஆவணம் கேளுங்கள். அது சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டிஸ் என்ற, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை முறைப்படுத்தும் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது. நாடு கடந்து போகும் சாமான் என்றால் அனுமதிச் சீட்டு இல்லாமல் சுங்கத்தில் நிற்கும்.

வளைய நெருக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெருக்கமான வளையம் உள்ள மரம்தான் உறுதி என்பது பைன் போன்ற ஊசியிலை மரங்களுக்கு ஓரளவு சரி. ஓக், ஆஷ் ஆகியவற்றில் நேர் எதிர். மெதுவாக வளர்ந்த ஆஷ் பலகையில் துளைகளே மிகுதி, அது சீக்கிரம் முறியும்.

படி 6: பலகையா, பிளைவுட்டா?

பெட்டிப் பகுதிக்குப் பிளைவுட், முகப்புக்கு முழுமரம். பெரும்பாலான அலமாரிகளுக்கு இதுவே அறிவான கூட்டு. 18 மி.மீ. பிளைவுட் எந்தத் திசையிலும் பெரிதாக அசையாது. முதுகுக்கு 6 மி.மீ. போதும். விளிம்பில் 6 மி.மீ. முழுமரப் பட்டை ஒட்டுங்கள். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள்: அடுக்குகளுக்கிடையே ஓட்டை தெரிந்தால் திருகாணி அங்கே பிடிக்காது. 18 என்று எழுதியது உண்மையில் 17.5 ஆக இருக்கலாம், காடி போடும் முன் அளந்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வரும் அலமாரிக்கு பினாலிக் பசையில் ஒட்டியது வேண்டும். யூரியா பசை ஈரத்தில் அடுக்கடுக்காகப் பிரியும்.

வண்ணம் பூசும் கதவுக்கு எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) நல்ல தேர்வு. முழுமரத்தைவிட நல்லது என்றே சொல்லலாம், இணைப்புகளில் வண்ணம் வெடிக்காது. விளிம்பில் தண்ணீர் ஏறினால் உப்பும், பிறகு பழைய அளவுக்கு இறங்காது.

தட்டுகள் தொய்வதற்குக் கணக்கு உண்டு. தடிமன் 18இலிருந்து 25 மி.மீ. ஆனால் விறைப்பு சுமார் 2.7 மடங்கு கூடும். நீளம் 600இலிருந்து 900 மி.மீ. ஆகி, முழுக்கப் புத்தகம் அடுக்கினால் தொய்வு 5 மடங்கு. எம்டிஎஃப் தட்டைப் புத்தகத்துக்கு 600 மி.மீ.க்கு மேல் நீட்டாதீர்கள், பிளைவுட்டை 750க்கு மேல் வேண்டாம். நீளம் கட்டாயம் என்றால் முன்விளிம்பில் 40 மி.மீ. உயரப் பட்டையைச் செங்குத்தாக ஒட்டுங்கள். தட்டையே தடித்ததாக மாற்றுவதைவிடச் சிக்கனம்.

படி 7: ஈரத்தை அளந்து பாருங்கள்

தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்ப வேண்டாம். ஊசி மீட்டர் கையில் இருக்கட்டும். மேற்பரப்பில் குத்தினால் காய்ந்த தோலின் அளவு மட்டுமே கிடைக்கும். முடிந்தால் முனையிலிருந்து 300 மி.மீ. தள்ளி வெட்டச் சொல்லி, புது வெட்டின் நடுவிலும் ஓரத்திலும் குத்துங்கள். இரண்டுக்கும் 2 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே இன்னும் காயவில்லை. மீட்டரில் மர வகைக்கான திருத்தத்தையும் போட மறக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் அடுப்புச் சோதனை. 25 மி.மீ. துண்டு ஒன்றை உடனே எடை போட்டு, 103 பாகை செல்சியஸில் எடை குறைவது நிற்கும் வரை காய வையுங்கள். முதல் எடையிலிருந்து கடைசி எடையைக் கழித்து, கடைசி எடையால் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 56 கிராம் 50 ஆனால் ஈரம் 12 சதவீதம்.

சூளையில் அவசரமாக உலர்த்திய பலகைக்குள் இழுவிசை பூட்டிக்கிடக்கும். குறுக்காக 25 மி.மீ. துண்டு வெட்டி, நடுப்பகுதியை அறுத்து எடுத்து, அதை இரண்டு பல் முள்கரண்டி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பற்கள் உள்நோக்கி ஒட்டிக்கொண்டால் அந்தப் பலகையை நீளவாட்டில் அறுக்கும்போது ரம்பத்தைக் கவ்வும். அது திரும்பிப் போகட்டும்.

படி 8: எவ்வளவு வாங்குவது

முடிந்த அளவை விட நீளத்தில் 50, அகலத்தில் 6, தடிமனில் 5 மி.மீ. கூட்டுங்கள். அதற்கு மேல் சேதாரம் 30 சதவீதம், வெள்ளையும் கணுவும் அதிகமுள்ள சரக்கு என்றால் 40. எடுத்துக்காட்டாக ஒரு கதவுச் சட்டம்: 750 × 60 × 20 மி.மீ.யில் இரண்டு, 330 × 60 × 20இல் இரண்டு. கூட்டிய அளவில் கணக்கிட்டுச் சேதாரம் சேர்த்தால் 0.0051 கன மீட்டர், அதாவது 0.18 கன அடி. முடிந்த சட்டத்தில் நிற்பதோ அதில் பாதிதான். முன்கூட்டியே தெரிந்தால் அதிர்ச்சி இல்லை. ஒரு சாமானுக்கு வேண்டிய தெரியும் பலகைகளை ஒரே நாளில், முடிந்தால் ஒரே மரத்திலிருந்து எடுங்கள். பிறகு வாங்கும் ஒற்றைப் பலகை நிறம் ஒத்துப்போவது அரிது.

படி 9: மாதிரித் துண்டில் பாலீஷ் போட்டுப் பாருங்கள்

வாங்கும் இடத்தில் ஈரத்துணியால் துடைத்தால் பாலீஷ் போட்ட பின் வரும் நிறம் ஏறக்குறையத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் 300 மி.மீ. துண்டு ஒன்றை, சாமானுக்குச் செய்யப்போகும் அதே உப்புத்தாள் வரிசையில் தேய்த்து, எல்லாக் கோட்டும் அடித்து, பாதியைத் தாளால் மூடி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். இழுப்பறையின் உட்புறத்துக்கு ஆளி எண்ணெய் வேண்டாம், மூடிய இடத்தில் அந்த வாடை போகாது. அரக்குக் கரைசல் போதும்.

தேய்க்கும்போது முகமூடி அணியுங்கள். மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

படி 10: அடுக்கி, காத்திருந்து, பிறகு அறுங்கள்

வந்த பலகையை வேலைசெய்யும் அறையில் 20 மி.மீ. குச்சிகளை இடையில் வைத்து அடுக்குங்கள். குச்சிகள் 400 மி.மீ. இடைவெளியில், ஒன்றுக்கு மேல் ஒன்று நேர்கோட்டில் வர வேண்டும். கோணலாக வைத்தால் பலகை அந்த வளைவையே கற்றுக்கொள்ளும். குறுக்குமுனைகளில் மெழுகு பூசுங்கள். ஒரு பலகையில் தேதியும் எடையும் எழுதி, எடை மாறாமல் நிற்கும் வரை பொறுங்கள். பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரம்.

பிறகு எல்லாப் பாகத்தையும் 3 மி.மீ. கூடுதலாக அறுத்து, மறுபடி சில நாள் விடுங்கள். வளைய வேண்டியது அப்போதே வளைந்துவிடும். இறுதி இழைப்பில் இரு முகத்திலும் சம அளவு எடுங்கள். ஒரே பக்கம் இழைத்துக்கொண்டே போனால் நேராக இருந்த பலகையும் மறுநாள் காலையில் வில்லாகியிருக்கும். அறுக்கும் முன் சுண்ணக்கட்டியால் ஒவ்வொரு பாகத்தையும் பலகைமேல் வரையுங்கள்: முதலில் கதவுச் சட்டங்களுக்கு நேர் ரேகையைப் பிடித்துவையுங்கள், அடுத்து முகப்புகளை ஒரே பலகையில் வரிசையாக, ரேகை ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடரும்படி. கணுவும் வெள்ளையும் உள்ள மிச்சம் இழுப்பறையின் அடிக்கும் மறைவான பட்டைகளுக்கும் போகட்டும்.